புகைக்குப் பின்னால் ஒரு தட்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: லாங்க்வெல் பழந்துப்பாக்கிக் கழகத்தின் பத்தாம் ஆண்டுத் தலைவரைத் தீர்மானிக்கும் மாபெரும் இறுதிச் சுடுதல், அக்டோபர் இரண்டாம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, திருமதி நெஸ்டா ப்ராசரின் ஆட்டு மேய்ச்சலில் நடைபெறும். உறுப்பினர்கள் அனைவரும் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து தவறாமல் ஆஜராக வேண்டும்.

உறுப்பினர்கள் அனைவரும் என்றால் நான்கு பேர்.

அறிவிப்பை எழுதித் தபாலில் சேர்த்தவர் தலைவர் ஆம்ப்ரோஸ் வைகட். பெற்றுக்கொண்ட மூவரில் இருவர் அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில்தான் குடியிருந்தார்கள். அதில் ஒருவரான டெஸ்மண்ட் டாப்லி, மாட்டு வைத்தியராக முப்பத்தோரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர், கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "கதவைத் தட்டிச் சொன்னா கை தேய்ஞ்சிடுமா இந்த மனுஷனுக்கு?" என்று தன் தேநீர்க் கோப்பையிடம் கேட்டார்.

டெஸ்மண்டுக்குத் துப்பாக்கி பிடிக்கும், நண்பர்களும் பிடிக்கும். நூற்று முப்பது வயதான இரட்டைக்குழல் துப்பாக்கியின் சுத்தியல்களைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும்போது கேட்கும் 'டக்', அதைத் தோளில் வைத்ததும் வந்து அமரும் கனம், எறியும் பொறியிலிருந்து கிளம்பும் களிமண் தட்டு தலைக்கு மேலே சுழன்று போய்ச் சட்டென்று பொடியாவது, பக்கத்தில் நிற்பவன் "அடப்பாவி!" என்பது, இவை எல்லாமே பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்று: விதிப் புத்தகம்.

முதல் சுற்றில் முந்தும் இருவர் இறுதியில் மோதுவார்கள்; ஜெயிப்பவர் தலைவர். தலைவர் வருஷத்துக்கு ஒரு விதியைச் சேர்க்கலாம் அல்லது நீக்கலாம். கழகம் தொடங்கிய அன்றே ஒன்பது விதிகளை எழுதிய ஆம்ப்ரோஸே ஒன்பது வருஷமாக ஜெயித்தார், எதையும் நீக்கவில்லை. ஆறாம் விதிப்படி இறுதிச் சுற்றில் ஒரு குழல்தான், இரண்டாவது குழல் சந்தேகப் பிராணிகளுக்கு. ஏழாம் விதிப்படி இறுதிச் சுற்றில் முன்னோர்கள் போலக் கரிமருந்துத் தோட்டா மட்டுமே. கரிமருந்து வெடித்தால் ஒரு செங்கல் சூளையளவு வெள்ளைப் புகை கிளம்பும். தட்டு என்ன ஆனது என்பது தட்டுக்கே தெரியாது. அதற்காகத்தான் எட்டாம் விதி: புகை மறைத்தால் சுட்டவரின் சொல்லே இறுதி, கனவான் பொய் சொல்ல மாட்டார்.

ஒன்பது வருஷமாகப் புகைக்குள்ளே பார்க்கத் தெரிந்த ஒரே கனவான் ஆம்ப்ரோஸ்தான். அதில் ஆறு வருஷம் எதிரே நின்ற டெஸ்மண்ட், ஒவ்வொரு முறையும் தன் வாயால் "தெரியலை" என்று சொல்லித் தோற்றவர். இந்த முறை தலைவரானால் ஏழாம் விதியைத் தூக்கிக் கடாச வேண்டும். அது போனால் எட்டாம் விதிக்கு வேலையில்லை. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறன்று காற்று என்ற பொருளே அந்த மாவட்டத்தில் இல்லை. நெஸ்டா ரப்பர் காலணியோடும், விதிக்கு உட்பட்டு ரப்பர் மேலங்கிக்கு மேல் கழுத்துப் பட்டையோடும், தட்டு எறியும் பொறிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவர் கிளெமென்ட், ஓய்வு பெற்ற பாதிரியார், குறிப்பேட்டோடு நின்றார். முதல் சுற்றில் ஆரஞ்சுத் தட்டுகள், சாதாரணத் தோட்டாக்கள். டெஸ்மண்ட் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று. ஆம்ப்ரோஸ் பத்தொன்பது. பாதிரியார் பதினாலு, அதில் ஒன்று பக்கத்தில் நின்றவருக்குப் பறந்த தட்டு. நெஸ்டா பதினாறு, "பொறியையும் நானே இழுத்து நானே சுடறேன், எனக்கு இருபது போடணும்" என்று வாதாடினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு மணி நேரம் டெஸ்மண்ட் சந்தோஷமாக இருந்தார்.

பிறகு ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்தார்.

"நண்பர்களே! ஒன்பதாம் விதிப்படி, இறுதிச் சுற்றுக்கு முன் தலைவருரை."

"அடுப்புல இறைச்சிப் பணியாரம் இருக்கு, தலைவரே. கருகிடும்," என்றார் நெஸ்டா.

"பாரம்பரியம் கருகக் கூடாது, நெஸ்டா."

இருபது நிமிஷம் பேசினார். தன் துப்பாக்கியின் குழல்களில் ஓடும் இரும்புச் சுருள்கோலத்தைப் பற்றி, அதைத் தன் கொள்ளுத்தாத்தா ஒரு பிரபுவோடு பகிர்ந்த காலைகளைப் பற்றி. அந்தத் துப்பாக்கியை எட்டு வருஷத்துக்கு முன் ஏலத்தில் எடுக்கும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டெஸ்மண்ட். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வானத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

உரையின் முடிவில் ஆம்ப்ரோஸ் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் இரண்டு கறுப்புத் தட்டுகள். ஒன்றில் வெள்ளை வர்ணத்தில் குடும்பச் சின்னம்: பின்னங்காலில் நிற்கும் சிங்கம், வாயில் ஒரு சாவி. மற்றதில் வெறும் வட்டம்.

"பத்தாம் ஆண்டுச் சிறப்பு. நானே வரைஞ்சேன், நாலு ராத்திரி. சிங்கம் எனக்கு. வட்டம் எதிராளிக்கு."

"பூஜ்யம் போட்டிருக்கேன்னு நேரா சொல்லேன்யா," என்றார் டெஸ்மண்ட்.

"உடைக்கப் போறதுக்கு எதுக்குப்பா படம்?" என்று பாதிரியார் மெதுவாகக் கேட்டார். அதற்குப் பதில் விதிப் புத்தகத்தில் இல்லை.

ஆம்ப்ரோஸ் முன்னே போய் நின்றார். "இழு!" நெஸ்டா பொறியை இழுத்தார். சிங்கம் பறந்தது. 'டும்!' வெள்ளைப் புகை கிளம்பி, அசையாமல், தலைவரின் தொப்பி உட்பட எல்லாவற்றையும் விழுங்கியது. புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"சுக்குநூறு!"

பாதிரியார் பெருமூச்சு விட்டுக் குறிப்பேட்டில் கோடு போட்டார்.

அடுத்து டெஸ்மண்ட். பித்தளைக் கம்பியால் கட்டிய துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்தினார். "இழு!" வட்டம் பறந்தது. 'டும்!' புகை. கண்ணில் எரிச்சல், மூக்கில் அழுகிய முட்டை நாற்றம். டெஸ்மண்ட் குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார். புகை விலகியபோது தூரத்தில் புல்லும் ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன.

"என்னப்பா, விழுந்துச்சா?" என்றார் ஆம்ப்ரோஸ் இனிமையாக. அந்த இனிமைதான் தாங்கவில்லை.

"தெரியலை."

"அப்போ எட்டாம் விதிப்படி..."

"உன் எட்டாம் விதியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" டெஸ்மண்ட் துப்பாக்கியை மடித்துத் திறந்து, காலித் தோட்டாவை எறிந்தார். "ஏழு வருஷம்யா! மாட்டு வயித்துக்குள்ள கையை விட்டே நான் கன்னு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுவேன். இந்தப் புகைக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியலை. உனக்கு மட்டும் எப்படிய்யா தெரியுது? வா, போய்த் தேடிப் பார்ப்போம்."

"தேடறதுக்கு விதியில இடமில்லை!"

நெஸ்டா முக்காலியிலிருந்து எழுந்தார். "இது என் வயல். இங்க யார் எதைப் பொறுக்கணும்னு ஆடும் நானும் முடிவு பண்ணுவோம். நடங்க."

நான்கு பேரும் கழுத்துப் பட்டைகளோடு ஈரப் புல்லில் நடந்தார்கள். ஆம்ப்ரோஸ் கடைசியில், விதிப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்தபடி.

நாற்பது கஜம் போவதற்குள் பாதிரியார் நின்றுவிட்டார். "அடடா. ஆம்ப்ரோஸ், இங்க வாயேன்."

புதிதாய் விழுந்த ஆட்டுப் புழுக்கையின் மேல், மெத்தையில் வைத்ததுபோல், ஒரு கறுப்புத் தட்டு. கீறல் கிடையாது. சிங்கம் பின்னங்காலில் நின்றது. சாவி வாயிலேயே இருந்தது.

"சுக்குநூறுக்கு எத்தனை துண்டு, தலைவரே?" என்று கேட்டுவிட்டு நெஸ்டா புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அது... எனக்குக் கேட்டது. உடைஞ்ச சத்தம் நிச்சயமாக் கேட்டது."

"போன ஒன்பது வருஷமும் காதாலதான் பார்த்தியா?" என்றார் பாதிரியார். பிரசங்க மேடையில் நாற்பது வருஷம் நின்ற குரல் அது. ஆம்ப்ரோஸின் காது சிவந்தது. நாலு ராத்திரி வரையாமல் இருந்திருந்தால், அது யாருடைய தட்டு என்று எவனும் சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் சிங்கத்தைச் சுற்றி நின்றபோது டெஸ்மண்ட் தனியாகத் தொட்டிவரை போனார். குனிந்தார். சற்று நேரம் குனிந்தே இருந்தார். இதுவும் தப்பென்றால் இன்னொரு சுற்று வரும், இன்னும் புகை, இன்னும் ஓர் உரை. நிமிர்ந்தார். கையில் மூன்று கறுப்புத் துண்டுகள்; மூன்றிலும் வெள்ளை வட்டத்தின் மிச்சம்.

"உடைஞ்சிருக்கு," என்றார்.

"ஆஹா!" நெஸ்டா ஓடி வந்து முதுகில் ஓங்கித் தட்டினார். பாதிரியார் குறிப்பேட்டில் ஆம்ப்ரோஸின் பேரில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, டெஸ்மண்டின் பேரில் ஒரு கோடு போட்டார்.

பணியாரம் ஓரத்தில்தான் கருகியிருந்தது. ஊறுகாய் வெங்காயமும் ஆப்பிள் மதுவும் சுற்றி வந்தபோது, புதிய தலைவர் ஏழாம் விதியை அடித்து நீக்கினார். மேசை அதிரக் கைதட்டல். ஆம்ப்ரோஸ்கூட இரண்டு விரலால் தட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் அவர் கடைசியில், வெங்காயத்தைக் குத்தியபடி. "அவ்வளவு வேகத்துல போன தட்டு. அதுக்கு எவ்வளவு முன்னால குறி பிடிச்சே?"

"பெரிசா ஒண்ணுமில்லை," என்றார் டெஸ்மண்ட்.

"சொல்லுய்யா, தலைவரே!" என்றார் நெஸ்டா.

டெஸ்மண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு முழம் முன்னால் என்றார். பிறகு, ஒன்றரை முழம் என்றார். இடுப்பைத் திருப்புவதில்தான் விஷயம் இருக்கிறது என்று எழுந்து நின்று காட்டினார். பழைய துப்பாக்கி கையோடு பேசும், நாம்தான் காது கொடுக்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ், ஒரு கட்டத்தில், கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

தட்டு ஆட்டுத் தொட்டியின் விளிம்பில் மோதி உடைந்திருந்தது.