ஜமுக்காளம் பிரமாதம்

இடைவேளை விட்டதும் தி. நகர் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேண்டீனுக்குப் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஹென்றிக்கு மனம் வரவில்லை. கேண்டீனில் அன்று அடையும் அவியலும். மேடையிலோ பல்லவ ராணி முதல் பாதியிலேயே விஷம் குடித்துவிட்டு, இன்னும் உயிரோடுதான் இருந்தாள்.

நாடகத்தின் பெயர் 'மல்லையின் மகுடம்'. மாபெரும் சரித்திர இசை நாடகம் என்று வாசலில் ஆளுயரப் பேனர் கட்டியிருந்தார்கள். எழுத்தும் இசையும் கஸ்தூரிரங்கன் என்று அதில் பெரிதாகப் போட்டிருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர் மாட வீதிக்காரர், ஹென்றிக்கு நாற்பது வருட சிநேகிதர். அந்தப் பேரைப் பேனரில் பார்த்தபோது ஹென்றிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை முதல் பாட்டு வரைக்கும் தாங்கியது.

பாட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ராஜா வாயை மட்டும் அசைக்க வேண்டும். பாட்டு ஒரு பக்கம் ஓட, ராஜாவின் வாய் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. போர்க்களத்துக்காகப் புகை விட்டார்கள். அது பகைவர்களை விட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாக்கியது. பின்னால் இருந்த பெரிய திரையில் கப்பல் ஒன்று வந்து நின்றபோது கைதட்டல் எழுந்தது. அன்றைக்கு விழுந்த கைதட்டலில் மனமார விழுந்தது அது ஒன்றுதான்.

பின் வரிசையில் இரண்டு பெண்மணிகள் குரலைத் தாழ்த்தாமலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ராஜாவ எங்கேயோ பாத்திருக்கேன்டி."

"நம்ம ஃப்ளாட் செக்ரட்டரியோட மாப்பிள்ளை. தண்ணி மோட்டார் போடலேன்னு சண்டைக்கு வந்தானே, அவன்தான்."

"அதான் கோபம் மட்டும் நன்னா வரது."

ஹென்றியின் மனைவி ஆலிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஹென்றி. அந்தப் பக்கம் திருவல்லிக்கேணியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த இனாயத் பாய். வேறு யார் எழுதிய நாடகமாக இருந்தாலும் இந்நேரம் மூவரும் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருப்பார்கள். நான்காவது ஆளாகக் கஸ்தூரியும் குலுங்கிக்கொண்டிருப்பார். இன்று அவர் மேடைப் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இந்த நால்வர் சிநேகிதமே ஒரு மோசமான நாடகம் போட்ட பிச்சை. எண்பதுகளில் மயிலாப்பூர் சபா ஒன்றில் சோழர் கால நாடகம். அட்டைக் கோட்டையின் மேல் எதிரி சாய்ந்ததும் கோட்டை விழுந்துவிட்டது. அப்போதுதான் கல்யாணமாகியிருந்த ஹென்றியும் ஆலிஸும் சாந்தோமிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அறிமுகமில்லாத ஓர் ஆசாமி, "முற்றுகை முடிஞ்சுடுத்து, ஆத்துக்குப் போலாம்" என்று முணுமுணுத்தார். பின் வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். முணுமுணுத்தவர் கஸ்தூரி, சிரித்தவர் இனாயத். நாடகம் முடிந்ததும் நால்வரும் தெற்கு மாட வீதிப் பக்கம் இருந்த ஒரு மெஸ்ஸில் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து எந்த நாடகம் பார்த்தாலும் அதே மெஸ், அதே மேஜை.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. அது வந்தது இன்னொரு நாடகத்தால். அதை எழுதியவர் மேடைப் படியிலேயே கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டு விடாமல் நின்றார். கஸ்தூரி மேடையை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில், "ஜமுக்காளம் பிரமாதம் சார்" என்றார். மனிதர் மகிழ்ந்தே போனார். அன்று மெஸ்ஸில் கஸ்தூரி அறிவித்தார்: மேடைப் படியில் ஜமுக்காளம் விரிக்கலாம், மேஜையில் கூடாது. மேஜையில் உண்மை மட்டும்.

தட்டு வந்ததும் கஸ்தூரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். "ம், ஆரம்பிக்கலாமா?" என்பார். கண்ணாடியை இனாயத் எடுத்துச் சட்டைப்பையில் இருக்கும் மஞ்சள் துணியால் துடைக்கத் தொடங்குவார். அது கடைக்காரப் பழக்கம். பேசித் தீர்த்த பிறகு கண்ணாடி கஸ்தூரியின் மூக்குக்குத் திரும்பும். அதோடு சபை கலையும். எத்தனை ராஜாக்களை அந்த மேஜையில் தோசையோடு பிய்த்துப் போட்டிருக்கிறார்கள்! பாதி சபாக்கள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டன. நாடகம் போட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பேச்சும் சிரிப்பும் மட்டும் ஹென்றிக்கு நேற்று நடந்தவை. தன் வாழ்க்கையின் நல்ல சாயங்காலங்களைக் கணக்கெடுத்தால் முக்கால்வாசி அந்த மேஜையில்தான் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

இடைவேளைக்குப் பிறகு தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "இந்த வயசிலும் இப்படியொரு முயற்சி" என்றார். அதை மூன்று தடவை சொன்னார். ஹென்றிக்குச் சுருக்கென்றது.

இரண்டாம் பாதியில் ஒரே ஓர் இடம் வந்தது. திரை அணைந்து, ஆட்டக்காரர்கள் உள்ளே போய், ஒரு படகோட்டி மட்டும் தனியாக நின்றான். பின்னணியில் வாத்தியமே இல்லை. அவன் தன் சொந்தக் குரலில் பாடினான்.

'கரையில நின்னவ கையசைச்சா,
படகு திரும்பிப் பாக்கலியே.
கரைக்கு நான் திரும்பி வந்தேன்,
கையசைச்சவளக் காணலியே.'

அரங்கில் சிப்ஸ் கவர் சத்தம் நின்றது. பின் வரிசைப் பெண்மணிகள் வாயை மூடினார்கள். கஸ்தூரியின் மனைவி பத்மா இறந்து இரண்டு வருடமாகிறது. ஹென்றியின் கண் கலங்கிவிட்டது. அவன் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் திரையில் மறுபடியும் கப்பல் வந்து, முரசு முழங்கி, எல்லாம் பாழாயிற்று. ராணி கடைசியாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு உயிரை விட்டாள். எங்கிருந்தோ "அப்பாடா" என்று ஒரு குரல் கேட்டது.

மேடைப் படியில் கூட்டம் நெருக்கியது. லைட்டிங் ரொம்ப நன்னா இருந்தது என்றார் ஒருவர். நகையெல்லாம் எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டார் இன்னொருவர். இத்தனை பேரைக் கட்டி மேய்த்ததே பெரிய விஷயம் என்றது வேறொரு குரல். பட்டு ஜிப்பா போட்ட கஸ்தூரி எல்லோருக்கும் கை கூப்பிக்கொண்டிருந்தார். தலைகளுக்கு மேலாக ஹென்றியைப் பார்த்து, மெஸ்ஸுக்கு வா என்று சைகை காட்டினார்.

ஆட்டோவில் ஆலிஸ் புதுச் சட்டம் போட்டாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய குரல் அது.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. வியாழக்கிழமை லாரி வருது. கஸ்தூரி சார் வீட்டைக் காலி பண்ணிட்டுப் பொண்ணோட புனே போறார். இதான் கடைசி மேஜை. இன்னிக்கு யாரும் அவரைக் கிண்டல் பண்ணக் கூடாது."

"கரெக்ட் டீச்சர்" என்றார் இனாயத். "மனுசன் சந்தோசமா போவட்டும்."

"மேஜையில பொய் சொல்றதா?" என்றான் ஹென்றி.

"பொய் இல்ல. நல்லதா நாலு வார்த்தை. ஏன், உங்களுக்கு வராதா?"

ஹென்றி தலையாட்டினான். அவனுக்கும் கஸ்தூரியை நோகடிக்க மனமில்லை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் வேறு பூட்டுத் தொங்கும்.

கஸ்தூரியைக் காரில் கொண்டுவந்து இறக்கியவள் அவர் மகள் மாளவிகா. "அப்பாவ ரொம்ப நேரம் வெச்சுக்காதீங்கோ அங்கிள், இன்னும் பீரோவே ஒழிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஸ்தூரி தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் நால்வருக்கும் நெய் ரோஸ்ட் சொன்னார். ஜிப்பாவில் யாரோ தெளித்த பன்னீர் வாசனை இன்னும் இருந்தது. முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனின் களை. தட்டுகள் வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ம், ஆரம்பிக்கலாமா?"

இனாயத் கண்ணாடியைத் தொடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "லைட்டிங் சூப்பர் சார். அந்தக் கப்பல் வந்துது பாருங்க, அசந்துட்டேன்."

"காஸ்ட்யூம் ரொம்ப ரிச்சா இருந்துச்சு" என்றாள் ஆலிஸ்.

கஸ்தூரி ஹென்றியின் பக்கம் திரும்பினார். ஹென்றி தோசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இத்தனை பேரை வெச்சு நடத்தினதே பெரிய விஷயம்பா."

கஸ்தூரி கையை நீட்டிக் கண்ணாடியை எடுத்தார். துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

நாற்பது வருடத்தில் அந்த வார்த்தை அந்த மேஜையில் விழுந்ததில்லை. அவர் தோசையில் ஒரு துண்டு பிய்த்தார், சட்னியில் தொட்டார், வாயில் போடாமல் வைத்துவிட்டார். பிறகு ரொம்ப மரியாதையாக, மூவரும் எப்படி வீட்டுக்குப் போகப் போகிறார்கள் என்று விசாரித்தார். மெட்ரோ வேலைக்காக எங்கெங்கே தெருவை மறித்திருக்கிறார்கள் என்று சொன்னார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேசுகிற பேச்சு அது.

ஹென்றிக்குத் தாங்கவில்லை. "கஸ்தூரி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. நீங்கல்லாம் வந்ததே சந்தோஷம்."

"டேய்!"

கஸ்தூரி பிய்த்த துண்டைத் தட்டின் ஓரமாகத் தள்ளினார். "படியில அத்தனை பேர் ஜமுக்காளம் விரிச்சா. விரிக்கட்டும்னு நின்னுண்டிருந்தேன். மேஜைக்குப் போனா நம்ம மூணு பேர் இருக்கான்னு நெனச்சுண்டேதான் நின்னேன். நீங்களும் ஆளுக்கு ஒண்ணு விரிச்சுட்டேள். வியாழக்கிழமைதான் ஊரை விட்டுப் போறேன்னு இருந்தேன், ஹென்றி. நீங்க இன்னிக்கே அனுப்பி வெச்சுட்டேளே."

அன்பு என்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்த அன்பே இவரை எழுப்பி வேறு மேஜையில் உட்கார வைத்துவிட்டது. நாடகம் போட்ட முன்பின் தெரியாத ஆட்களுக்குப் படியில் கொடுக்கும் அதே உபசார வார்த்தையை இவருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஹென்றி ஆலிஸைப் பார்த்தான். ஆலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள்.

"எதுக்கு டீச்சர்?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கழற்றினார். இனாயத் வெடுக்கென்று எடுத்து மஞ்சள் துணியை வெளியே இழுத்தார்.

"அந்த ராணி ஏன் சார் சாகவே மாட்டேங்கிறா?" என்றாள் ஆலிஸ். "விஷம் குடிச்சு இடைவேளை முடிஞ்சு அடை அவியல் சாப்பிட்டு வந்தாலும் பாடிக்கிட்டே இருக்கா. அது விஷமா, தொண்டைக்குக் கஷாயமா?"

கஸ்தூரியின் வாய் கோணியது. "அது ராகமாலிகை. அஞ்சு ராகம்."

"அஞ்சு ராகத்துக்கு அஞ்சு ராணிய வெச்சிருக்கலாம், ஆளுக்கு ஒண்ணா செத்திருப்பாங்க."

இனாயத் பொறுக்கவில்லை. "சார், அந்த ராஜா வாய் ஒரு ஊர்ல கீது, பாட்டு ஒரு ஊர்ல கீது. நான் என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சிக்கினு கண்ணாடிய ரெண்டு வாட்டி மாத்திப் போட்டேன்!"

"கோட்டை விழுந்த நாடகமே தேவலாம்" என்றான் ஹென்றி. "அதுல கோட்டையாவது நேரத்துக்கு விழுந்துது."

கஸ்தூரி மேஜையைத் தட்டினார். "அபாண்டம்! அந்தப் போர்க் காட்சிக்கு ஆறு மாசம் உழைச்சிருக்கேன்!"

"புகையிலே யாருக்குத் தெரிஞ்சுது?"

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் அந்த மேஜையில் பல்லவ சாம்ராஜ்யம் தரைமட்டமாயிற்று. கஸ்தூரி கத்தினார், வாதாடினார், நிஜமாகவே இரண்டு தடவை கோபித்துக்கொண்டார். மூன்றாவது தடவை கோபிக்க ஆரம்பித்துச் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்காமல் இருமினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறிப்போன தோசையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கடைசியில் ஹென்றி சொன்னான், "அந்தப் படகோட்டி பாட்டு மட்டும் நல்லா இருந்துது."

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி இல்லாத முகத்தில் கண்கள் சின்னதாகத் தெரிந்தன. "ஜமுக்காளமா?"

"இல்ல. எனக்கு அழுகை வந்துடுச்சு. பத்மாவ நெனச்சுக்கிட்டேன்."

கஸ்தூரி டவராவில் காப்பியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அவ போனப்புறம் ஒரே ராத்திரியில எழுதினது" என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் அதைச் சுத்திக் கட்டின கோட்டை."

"பாட்டை மட்டும் பாடிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்" என்றாள் ஆலிஸ்.

"புனேல யார் டீச்சர் எனக்கு இதைச் சொல்லுவா? மாளவிகா நான் என்ன பண்ணாலும் சூப்பர் அப்பாங்கறா."

மெஸ்ஸில் கூட்டம் கரைந்துவிட்டது. அடுத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாளவிகாவின் கார் வாசலில் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது. ஹென்றிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

இனாயத் கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். துடைக்க அதில் இனி ஒன்றும் இல்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மூக்கில் மாட்டத் தோதாகக் கண்ணாடியைக் கஸ்தூரியின் முன்னால் நீட்டினார்.

கஸ்தூரி கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்களே வெச்சுக்கோங்கோ பாய். இப்பதானே இடைவேளை வரைக்கும் வந்திருக்கோம்."