சாயங்கால ரயில் வரட்டும்

காத்தவராயனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த வெங்கடம்மா, முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "இன்னாடி இன்னும் உக்காந்துனு கீற? பெங்களூர் வண்டிக்கு நேரமாச்சி. கௌம்பு."

மமதாவுக்கு அழுகையே நின்றுபோனது. "அம்மா, அப்பா செத்துக் கெடக்கறாரு!"

"அவரு எங்கயும் ஓடிடமாட்டாரு. காலேஜு சீட்டுதான் ஓடிடும்."

உண்மைதான். இன்றைக்குள் பணம் கட்டிச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்தவராயன் பெங்களூரில் ஒரு கல்லூரி வாட்ச்மேன். பிள்ளைகள் வருகிற கார்களுக்குக் கேட் திறந்தே தேய்ந்த மனுஷன். வருஷா வருஷம் ஏறுகிற கட்டணத்தைக் கேட்டுவிட்டு வந்து, "படிப்ப விக்கறானுங்களா, பங்களாவ விக்கறானுங்களா?" என்று கத்துவான். ஆனாலும் விட்டானா? ராத்திரி டூட்டியும் பார்த்து, பெண்டாட்டி நகையையும் அடகு வைத்து, நேற்றுதான் கல்லூரி பேருக்கு பேங்க்கில் டிடி எடுத்துவந்தான். லைன் வீடுகளுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தான். நடுத்தெருவில் ஒரு ஆட்டம் வேறு. சிரித்துக்கொண்டே படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அப்படியொரு சாவு யாருக்கு வாய்க்கும்!

பேத்தமங்களாவிலிருந்து வந்திருந்த காத்தவராயனின் அண்ணன் சிவகுமார் எகிறினார். "பெத்த பொண்ணு வாய்க்கரிசி போடாம எப்பிடிம்மா எடுக்கறது? அந்தக் காசுல சாவ ஜாம்ஜாம்னு எடுக்கலாமே!"

"டிடி மாமா அது. மேளக்காரங்க வாங்கமாட்டாங்க" என்றாள் வெங்கடம்மா. "நம்ம ஊரிகத்துல எந்தச் சாவ சாயங்கால ரயிலுக்கு முன்னாடி எடுத்துகீறோம்?"

தங்கச் சுரங்கம் மூடிய நாளிலிருந்து இந்த ஊரில் இதுதான் வழக்கம். தூக்குகிற தோளெல்லாம் காலையில் வேலைக்குப் பெங்களூர் போய்விடுகிறதே!

பக்கத்து வீட்டு நோயல், தினம் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவர். "நான் கூட்டிம்போறேன்க்கா" என்று மமதாவை அழைத்துக்கொண்டு நடந்தார்.

பகலெல்லாம் தெரு அமர்க்களப்பட்டது. மேளம் முழங்க, காத்தவராயன் செய்த கூத்துகளைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வெங்கடம்மாவும் சிரித்தாள். மடியில் போன் இருந்தது. மகளைக் கூப்பிடத்தான் கை வரவில்லை. கேட்டு, சீட்டு கிடைக்கவில்லையென்று சொல்லிவிட்டால்? தெய்வமே, இந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பாள்!

அன்றைக்கென்று பார்த்து ரயில் தாமதம். வெயில் இறங்கிக்கொண்டே போனது. "பொழுது சாஞ்சா எடுக்கக்கூடாதும்மா" என்று சிவகுமார் மறுபடி ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் அடிங்கப்பா!" என்று மேளக்காரர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் வெங்கடம்மா.

ஒருவழியாக ரயில் கூவியது. ஸ்டேஷன் பக்கமிருந்து கூட்டம் வந்தது. முன்னால் மமதா ஓடிவந்தாள். மேளம் சட்டென்று நின்றது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து, அப்பா வாயில் அரிசி போட்டாள். அவன் காதோடு சொன்னாள்: "சேந்துட்டேம்பா. திங்கக்கெழம கிளாஸு."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வெங்கடம்மா, அப்போதுதான் மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மேளக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை; கல்யாணத்துக்கு அடிப்பதுபோல் அடித்தார்கள்.

ரயிலில் வந்தவர்கள் டிபன் பைகளை வாசலில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாடையருகே வந்தார்கள்.