கால்வாசி திறந்த வால்வு

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நீர் சூடாவதற்காக விரலை நீட்டியபடி நின்றாள் ஹேசல். நூலிழை போலத்தான் தண்ணீர் வந்தது. சுவரிலிருந்த வெந்நீர் பாய்லர் 'டிக்' என்றது, ஒரு கணம் முனகியது, அடங்கிவிட்டது. மறுபடியும் திறந்தாள். மறுபடியும் அதேதான்.

மாடியில் அவள் அப்பா ஆர்னால்ட் காத்திருந்தார். மூன்று நாளாகப் படுக்கையிலிருந்தவர் அன்று காலை கன்னத்தைத் தடவி, "சவரம் பண்ணி விடேம்மா, முள்ளா குத்துது" என்று கேட்டிருந்தார்.

கடைசியில் கெட்டிலில்தான் சுட வைத்தாள். கிண்ணத்தோடு மாடியேறியபோது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு சவரம் செய்துவிட்டாள். நர்ஸ் வந்து பார்த்து, இறப்பை உறுதி செய்துவிட்டுப் போனாள். சவ ஊர்தி மூன்று மணிக்கு வரும் என்றார்கள். சொல்லியனுப்ப வேண்டியவர்கள் என்று அதிகம் பேர் இல்லை.

ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பாய்லர்காரர். முந்தின நாள் அவளே வரச்சொன்னது மறந்துபோயிருந்தது. ஐம்பது வயதிருக்கும், பெயர் கிளைவ் என்றார். திருப்பி அனுப்ப வாய் வராமல் உள்ளே விட்டாள்.

அவர் பாய்லரைக் கழற்றிப் பார்த்தார். குழாயின் கீழ் ஒரு குடுவையைப் பிடித்து, அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறதென்று கடிகாரம் பார்த்தார். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"பாய்லர்ல ஒரு கோளாறும் இல்லம்மா. தண்ணி ஓரளவு வேகமா வந்தாத்தான் அது பத்தும். இங்க மெயின் வால்வு கால்வாசிதான் திறந்திருக்கு. யாரோ குழாய் வேலை பார்க்க மூடிட்டு, முழுசா திறக்காம விட்டிருக்காங்க."

யாரென்று ஹேசலுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், குழாய்க்குத் தானே வாஷர் மாற்றியதாக அப்பா போனில் பெருமையாகச் சொன்னார். அதே குளிர்காலத்தில்தான் அவர் மணிக்கட்டுகள் வீங்கி, எதையும் அழுத்தித் திருக முடியாமல் போனது. ஞாயிறுதோறும் தான் வசிக்கும் பிரிஸ்டலிலிருந்து போனில் அவள் கேட்பாள், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. இருக்கிறது, இருக்கிறது என்பார். இந்தமுறை வந்தபோது குளியலறை ஜன்னலோரம் ஒரு கெட்டில் இருந்தது. அது எதற்கென்று அவள் கேட்கவில்லை.

கிளைவ் வால்வைப் பிடித்துத் திருகினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தொட்டியில் மோதியது. பாய்லர் பற்றிக்கொண்டு சீராக எரிந்தது. கண்ணாடி ஜன்னலில் ஆவி படர்ந்தது.

"அவ்வளவுதான். பெரியவருக்குத்தானே வெந்நீர் வேணும்னு போன்ல சொன்னீங்க? குளிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வித்தியாசம் தெரியும்."

ஹேசல் குழாயை மூடினாள்.

"அப்பா மேலதான் இருக்காரு. காலையில போயிட்டாரு."

கிளைவ் தொப்பியைக் கழற்றினார். கருவிகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் பையில் அடுக்கினார். இன்னும் இரண்டு வீடு பாக்கியிருப்பதாக உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார்.

"டீ போடறேன். குடிச்சிட்டுப் போறீங்களா? மூணு மணிக்குத்தான் அவங்க வருவாங்க" என்றாள் ஹேசல்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, தரையில் உரசாதபடி நாற்காலியைத் தூக்கி நகர்த்திப் போட்டு, உட்கார்ந்தார்.