ஆடாத வாள்

...ஆடக் கூடாது, அவ்வளவுதானே, மோட்டார் எவ்வளவு பெரிது என்று கேட்கிறவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது, என்று நினைத்தபடியே இருளம்மாள் அலுமினியக் குழாய் அறுக்கும் புது வாளின் கைப்பிடியை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை, மதுரைக் கடையில் எப்படி நின்றதோ அப்படியே போடிப் பட்டறையிலும் நின்றது... தேர்ந்தெடுத்தது அவள்தான், வேறு யாருமில்லை. கொழுந்தன் ஜக்கையன், இரும்புப் பட்டறைக்காரன், முன்னும் பின்னும் தானாகப் போய்வந்து அறுக்கும் ரம்ப மிஷினைத்தான் வாங்கச் சொன்னான், "இரும்பையே அறுக்குது மதினி, அலுமினியம் எம்மாத்திரம்?" எம்மாத்திரமா? இரும்பு எதிர்த்து நிற்கும், அலுமினியமோ இளகி ஒட்டிக்கொள்ளும், பல்லிடுக்கை அடைத்துக்கொண்டு வாளையே திருப்பிவிடும், ஜக்கையனுக்கு அது என்ன தெரியும்? கடையில் அறுத்துப் பார்த்தபோது அந்த மிஷினில் மெல்லிய குழாய் உதறியது, நாடா போல ஓடும் வாள் நேராக அறுத்தது, மூலை சேரச் சாய்த்து அறுக்கச் சொன்னால் தடம் விலகியது. கடைசியில் வட்ட வாள், பெரிதும் சிறிதுமாக இரண்டு. கடைக்காரர் பெரியதைக் காட்ட, அவள் மோட்டாரைப் போடச் சொல்லாமல் இரண்டின் கைப்பிடியையும் அசைத்துப் பார்த்தாள், பெரியது லேசாக ஆடியது, சிறியது மலை மாதிரி நின்றது. பையில் கொண்டுபோன குழாயை அதில் அறுக்கச் சொல்லி, இரண்டு முனைகளையும் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், மயிரிழை வெளிச்சமும் வரவில்லை... இதுதான் என்றாள்.

இன்றைக்கு அதற்குப் பரீட்சை. எஸ்டேட் சூப்பர்வைசர் பால்பாண்டி வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறான், ஏலக்காய் உலர்த்தும் புது ஸ்டோருக்கு அலுமினியச் சட்டம் போட்ட தட்டுகள் வேண்டும், முதல் சட்டம் சரியாக வந்தால் மொத்த லோடும் இவர்களுக்கு, இல்லையென்றால் கொச்சிக்குப் போய்விடும். மூலையில் இடுக்கு விழுந்தால் காய் சிக்கிக் கருகும், கருகினால் வாசம் போச்சு. மரச்சட்டம் சூட்டில் முறுக்கிக்கொள்கிறதே, அலுமினியத்தில் போட்டால் என்ன என்று முதலில் கேட்டவள் அவள், இத்தனை வருஷமாகக் கை ரம்பத்தால் அறுத்தவளும் அவள், போடிமெட்டுக்கு மேலே எந்த ஸ்டோருக்குப் போனாலும் இருளம்மா சட்டந்தான், அவ கையே மட்டப்பலகை என்பார்கள்... இத்தனை தட்டுகளுக்கு ஒரு கை ஈடு கொடுக்காது என்பதால்தானே மிஷின், கை கோணியதால் இல்லையே.

வாளின் பல்லில் மெழுகைத் தடவி, குழாயை இருபுறமும் இறுக்கி, சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை மெதுவாக இறக்கினாள், கீச்சென்று ஒரு சத்தம், வெள்ளிப் பொடி முழங்கை வரை தெறித்தது, நான்கு துண்டுகள், நான்கின் முனையும் கண்ணாடி மாதிரி. அவற்றை வாங்கி மேஜைமேல் வைத்த, அவள் அறுப்பதையெல்லாம் எப்போதும் மூலை சேர்த்துப் பொருத்துகிற புருஷன் ராமரின் வலக்கை தானாக அரத்தை எடுத்தது, குழாயின் விளிம்பில் வைத்தது, நின்றது. அவர் விளிம்பைக் குனிந்து பார்த்தார், பிறகு அரத்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

"அரம் எதுக்குங்க?"

"சும்மா புள்ள... பழக்கம்."

பொருத்திய மூலையில் பால்பாண்டி நகத்தை ஓட்டினான். "நகத்துக்குக்கூட எடமில்லையேக்கா! மொத்த லோடும் நீங்களே போடுங்க, வெரசா வேணும்." ஜீப்பு புழுதி கிளப்பிக்கொண்டு மலைப்பாதைக்குத் திரும்பியது, அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பார்த்தாயா ஜக்கையா, பார்த்தாயா... ஆனால் பழக்கமா? எதனால் வந்த பழக்கம்? முனையில் பிசிறு இருந்திருக்கும், அதைத் தேய்த்திருப்பார், எல்லோரும் செய்வதுதான்... பிசிறுக்கு அவ்வளவு பெரிய அரமா? ஒரு நாளாவது அவள் அறுத்தது கோணல் என்று சொன்னாரா, முகத்தில்கூடக் காட்டவில்லையே, தினமுமா, எப்போதாவதா? மேலே மலை ஸ்டோர்களில் அடுக்கடுக்காக இருக்கும் தட்டுகளின் அந்த மூலைகளெல்லாம் அவள் அறுத்தவைதான், நிச்சயம் அவள் அறுத்தவைதான், ஆனால்... கேட்டுவிடலாமா? கேட்டால் சிரிப்பார், சிரித்து மழுப்புவார், அதற்குமேல் ஒரு சொல்லும் வாங்க முடியாது.

"அடுத்தத அறு புள்ள," என்றார் ராமர், அவள் பக்கம் திரும்பாமல்.

அவள் குழாயை எடுத்து வைத்து இறுக்கினாள், அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.