ஒம்போதே முக்காலே மூணு வீசம்

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் சுப்பிரமணியம் தன் கள்ளத்தனத்தை ஆரம்பிப்பார். அதுவரைக்கும் ஒழுங்கான எண்ணிக்கை. ஏழு வந்ததும் மனிதர் தொண்டையைச் செருமிக்கொள்வார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வார், அப்புறம் எட்டு. ஒன்பதுக்கு மேல் கேட்கவே வேண்டாம். ஒம்போதே கால், ஒம்போதரை, ஒம்போதே முக்கால். பத்து என்று மனைவி பட்டுவுக்கு அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

அன்று மத்தியானமும் எண்ணிக்கொண்டிருந்தார். வாய்விட்டு இல்லை, மனசுக்குள். கட்டிலில் பட்டுவின் மூச்சு நின்றிருந்தது. ஆறு, ஏழு. கண்ணாடியைச் சரிசெய்தார். எட்டு, ஒம்போது. ஒம்போதே காலில் அவள் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கி மூச்சு திரும்பி வந்தது. வேகவேகமாகப் பத்துப் பதினைந்து மூச்சு. மெல்ல மெல்லத் தேய்ந்து மறுபடி நின்றது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"அப்பா, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணட்டுமா?" ஸ்ரீகாந்த் வாசற்படியில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மாதாப்பூர் ஆபீஸிலிருந்து வந்த பிள்ளை, கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"வேண்டாம்டா."

"இப்படியே பாத்துண்டு இருக்கறதா? லாஸ்ட் டைம் கொண்டுபோனோம், சரியாச்சு இல்லையா?"

"அது ரெண்டாந்தரம்" என்றார் சுப்பிரமணியம். "இது மூணாந்தரம்."

ஸ்ரீகாந்துக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரே ரவுண்டில் மூன்று தடவை கீழே விழுந்தால் ஆட்டம் அவ்வளவுதான். அம்பயர் எண்ணக்கூட மாட்டான், கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிடுவான். அந்தக் குத்துச்சண்டை டிவி கேம் கேசட்டை வாங்கி வந்தவனே அவன்தானே!

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அபிட்ஸ் கடைத்தெருவில் வாங்கியது. பத்தாம் வகுப்புப் பையன் டிவி கேமும் கையுமாக உட்கார்ந்தால் படிப்பு உருப்படுமா? சுப்பிரமணியம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி பட்டுவின் இடுப்பில் இருக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து, பிளான்ட் பஸ்ஸிலிருந்து மௌலா அலியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், கதவு சும்மா சாத்தியிருக்கிறது. உள்ளே பட்டு டிவிக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திரையில் இருந்த ஒரு தடியனைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்கோன்னா, இவனை முடிச்சுட்டுக் காபி போடறேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் காபி தாமதமானது அன்றுதான். கோபம் வந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்துத் தடியன் விட்ட குத்தில் அவளுடைய குட்டி ஆள் மல்லாந்தான். அம்பயர் ஓடிவந்து விரலை நீட்ட, "ஒண்ணு, ரெண்டு" என்று சுப்பிரமணியமும் பரிகாசமாக எண்ண ஆரம்பித்தார். அவள் இரண்டு பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினாள். கட்டைவிரல் இரண்டும் அரிவாள்மணையில் கீரை நறுக்கும் வேகம். ஏழு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். எட்டை இழுத்தார். ஒன்பதை இழுத்தார். குட்டி ஆள் எழுந்துவிட்டான். "உங்க கணக்குக்கு அம்பயர் நிப்பானா? நல்ல ஆள்!" என்று சிரித்தாள் பட்டு. அன்று காபி நாலரை மணிக்குக் கிடைத்தது.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அவள் ஆடுவாள், இவர் எண்ணுவார். இவரும் ஒரு தடவை ஆடிப்பார்த்தார். கண்டமேனிக்குப் பொத்தானை அமுக்கி, ஒரு நிமிஷத்தில் மல்லாந்தார். "அவசரப்பட்டா அடிதான் விழும். கைய வச்சுண்டு சும்மா இருக்கத் தெரியணும்" என்றாள். "அடிக்கறதுக்கு முன்னாடி எல்லாருமே ஒரு சாடை காட்டுவான்னா. இவன் மீசையை நக்குவான். அந்த ஒல்லி, குதிகாலைத் தூக்குவான். அதைப் பாத்துட்டு ஒதுங்கணும், ஒதுங்கிட்டுக் குத்தணும்." ஒவ்வொருவனுக்கும் ஒரு பேர் வைத்திருந்தாள். மீசையை நக்குகிறவன் கேன்டீன் சின்னசாமி. ஒல்லி, எலெக்ட்ரிசிட்டி ஆபீஸ் கிளார்க். எல்லோரையும் ஜெயித்துவிட்டாள், கடைசி ஆளைத் தவிர. அவனுக்குப் பேரும் வைக்கவில்லை, அவன் என்பதோடு சரி.

பையன் வேலைக்குப் போனான், பத்மஜாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். போன வருஷம் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனவன், அதே விளையாட்டின் புது அவதாரத்தை வாங்கி வந்தான். முதலில் கடைகளில் காசு போட்டு ஆடும் ஆளுயரப் பெட்டியாக வந்து, அப்புறம் கேசட்டாகி, இப்போது இப்படி ஆகியிருக்கிறது என்று அம்மாவுக்கு அதன் சரித்திரம் முழுக்கச் சொன்னான். இதில் வயரும் கிடையாது, பலகையும் கிடையாது. எழுந்து நின்று, நிஜமாகவே காற்றில் குத்த வேண்டும். பட்டு தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றாள். திரையில் முன்னைவிடப் பெரிசாக, வேர்வை மினுங்க, சின்னசாமி வந்தான்.

"பாருங்கோன்னா, இத்தனை வருஷமாகியும் இவன் மீசையை நக்கறதை விடலை!" என்று கத்தினாள். ஒதுங்கினாள், குத்தினாள். ஐந்தாறு குத்துதான். சோபாவில் உட்கார்ந்துவிட்டாள், மேல்மூச்சு வாங்க. வயசாயிடுத்து என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நோய் காட்டிய சாடை அதுதான் என்பது சுப்பிரமணியத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பாவி, பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லையே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

இதயம் வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். முதல் தடவை விழுந்து எழுந்தாள். இரண்டாம் தடவை விழுந்து, குழாயும் முகமூடியுமாகப் பல நாள் கிடந்து, அப்போதும் எழுந்தாள். வீட்டுக்கு வந்த அன்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மூணாந்தரம் விழுந்தா நீங்க எண்ணப்படாது. தூக்கிண்டு ஓடவும் படாது. சட்டம்னா சட்டம். சரியா?"

அவர் தலையாட்டினார். பாதி வாக்கைக் காப்பாற்றினார். தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

எண்ணாமல் இருக்கத்தான் முடியவில்லை. மூன்று மணிக்குமேல் மூச்சு நிற்கும் இடைவெளி நீண்டது. ஒம்போதரை, ஒம்போதே முக்கால். ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பத்மஜா துளசித் தீர்த்தத்தைக் கரண்டியில் கொண்டுவந்து, "மாமய்யா, மீரே, நீங்களே போடுங்கோ" என்றாள், தன் தெலுங்கும் தமிழுமாக. அவர் ஊற்றினார். பாதி வழிந்தது. துடைத்தார். பட்டுவின் கட்டைவிரல் போர்வைமேல் அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. அவள் எழுந்துகொள்ளப் பார்க்கவில்லை, சட்டப்படி படுத்திருக்கிறாள் என்று தோன்றியது. அது அவரை உலுக்கியது. எழுந்திரேன்டீ என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது, கெஞ்சவில்லை.

மறுபடி நின்றது. ஏழு. எட்டு. ஒம்போது. ஒம்போதே கால். ஒம்போதரை. ஒம்போதே முக்கால். அதற்கு மேலும் நெஞ்சு தூக்கவில்லை. சிறுவயதில் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த பின்னவாய்ப்பாடு எங்கிருந்தோ உதவிக்கு வந்தது. ஒம்போதே முக்காலே அரைக்கால். ஒம்போதே முக்காலே மூணு வீசம். பத்துக்கு ஒரே ஒரு வீசம் பாக்கி. அங்கேயே நின்றார்.

"அப்பா" என்றான் ஸ்ரீகாந்த். "அப்பா, அம்மா போயிட்டாப்பா."

"இருடா" என்றார் சுப்பிரமணியம்.

தெலங்கானா ரயில் மறியல் நேரம். ஊரிலிருந்து யாரும் வர வழியில்லாததால், மறுநாள் புதன்கிழமை காலையிலேயே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பட்டுவுக்கு மஞ்சள் பூசி, கூரைப்புடவையைப் போர்த்தி, தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். சுமங்கலியாகப் போன பாக்கியசாலி என்றார்கள். வத்தக்குழம்பு அவளை மாதிரி வைக்க ஆள் இல்லை என்றார்கள். எல்லாம் நிஜம்தான். ஆனாலும் யாரோ வேறொருத்தியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவருக்கு இருந்தது.

வந்தவர்கள் போகும்போது தவறாமல் ஒன்று கேட்டார்கள். "பத்து என்னிக்கு வரது?" பத்தாம் நாள் காரியத்தைத்தான் கேட்கிறார்கள். எல்லார் வீட்டிலும் கேட்பதுதான், இவரே எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறார். "ஸ்ரீகாந்தைக் கேளுங்கோ" என்றார் ஒருத்தரிடம். "வாத்தியார் சொல்லுவார்" என்றார் இன்னொருத்தரிடம். பத்மநாபன் என்று பிளான்டில் கூட வேலை பார்த்தவர், "பத்து வியாழக்கிழமைதானே?" என்று நேராகவே கேட்டார். சுப்பிரமணியம் தலையை மட்டும் அசைத்தார்.

மயானத்திலிருந்து திரும்பியபோது, கீழ்வீட்டு ஃபாத்திமா சாம்பார் சாதமும் பிளாஸ்க்கில் காபியும் கொண்டுவந்து காத்திருந்தாள். நாகூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் மாடியேறி வந்து பட்டுவோடு ஆடித் தோற்றுவிட்டுப் போவாள். காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. மாமி அந்தக் கடைசி ஆளை ஜெயிச்சிட்டாங்களா?"

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா! ஆனால் சுப்பிரமணியத்துக்கு அப்போதுதான் கண் கலங்கியது, அழுதார். அழுது முடித்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இல்லைம்மா. அவன் சாடையே காட்ட மாட்டான்."

"நானும் பாத்தேன் மாமா. சும்மா நிப்பான்."

"ஆமாம், சும்மா நிப்பான்" என்றார் அவர்.

அவள் போனதும் போன் அடித்தது. ஸ்ரீகாந்த் குளித்துக்கொண்டிருந்தான். பத்மஜா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சுப்பிரமணியம் எடுத்தார். கும்பகோணத்திலிருந்து வரதராஜன், பட்டுவின் தம்பி. இரண்டு காதும் மந்தம் அவனுக்கு.

"அத்திம்பேரே! ரயில் ஓடலையே அத்திம்பேரே! அக்கா மூஞ்சியைப் பாக்கக் கொடுத்துவைக்கலையே!"

"என்ன பண்றது வரது. நல்லபடியா ஆயிடுத்து."

"என்னது?"

"நல்லபடியா ஆயிடுத்துன்னேன்."

"நான் என்னிக்கு வரணும், அதைச் சொல்லுங்கோ. டிக்கெட் போடணும்."

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை நாளைக்கின்னா? நாளைக்கு அஸ்தி எடுக்கற சஞ்சயனம் இல்லையோ? அதுக்கு எப்படி வந்து சேருவேன்?"

"நாளைக்கு இல்லை வரது. அடுத்த வியாழன்."

"அடுத்த வியாழனா? அன்னிக்கு என்ன அத்திம்பேரே?"

சுப்பிரமணியம் சுற்றிலும் பார்த்தார். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பத்து" என்றார்.

"கேக்கலை!"

"பத்து."

"லைன் சரியில்லை, உரக்கச் சொல்லுங்கோ! என்னது?"

"பத்து, வரது! பத்து! உங்க அக்காவுக்குப் பத்து!"

நாலாம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். பத்மஜா ஈரத்துணியும் கையுமாக ஓடிவந்து நின்றாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஆ, பத்தா! சரி சரி, ஒருநாள் முன்னாடியே வந்துடறேன்" என்று வரதராஜன் போனை வைத்தான்.

சுப்பிரமணியமும் வைத்தார். அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். மூலையில், இரும்பு ஸ்டூலில் பழைய டிவி. ரவிக்கைத் துணிகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்த உறை, இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தூக்கிவிட்டபடி அப்படியே மேலே கிடந்தது. ஆட்டம் முடிந்ததும் அதை இறக்கி மூடிவிட்டுத்தான் அவள் காபி போடப் போவாள்.

அவர் உறையை இழுத்து இறக்கினார். ஒரு பக்கம் கோணலாக இருந்தது, அதையும் சரிசெய்தார்.