சிவனேஸ்வரி வீட்டு முன்கதவு

1995ஆம் ஆண்டு ஆவணி நான்காம் திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, லண்டன் பிளேஸ்டோவில் சிவனேஸ்வரியின் வீட்டு முன்கதவு தானாகத் திறந்தது. அதற்குப் பிறகு அது மூடவேயில்லை. பக்கத்து வீட்டுப் பெர்னடெற்றின் கணவர் யாக்கோப்பு தச்சுவேலை தெரிந்தவர். மூன்று பூட்டு மாற்றிப் பார்த்தார். மூன்றாவது பூட்டு கழன்று அவருடைய காலில் விழுந்ததோடு அந்த வேலையை விட்டுவிட்டார். கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து அளந்து, மரம் உப்பியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். மார்கழியில் பனி கொட்டியபோது குளிர் வாசற்படியோடு நின்றுகொண்டது, ஓர் அங்குலம் உள்ளே வரவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வீடியோ ரெக்கோடர் களவுபோன காலம் அது. திறந்து கிடந்த அந்த வீட்டில் மட்டும் ஒரு கரண்டிகூடக் காணாமற் போகவில்லை.

சிவனேஸ்வரி 1984இல் லண்டனுக்கு வந்தவர். வந்த மூன்றாம் வருடமே ஒரு கோச் பஸ்ஸைப் பிடித்து ஈஸ்ட் ஹாம் சனத்தைப் பிரான்ஸிலுள்ள லூர்து மாதாவிடம் கூட்டிப்போனார். அவர் சைவம், கோச்சில் பாதிப்பேர் சைவம். மாதாவிடம் போவதற்கு எங்கள் சனத்துக்கு என்றைக்குச் சமயம் குறுக்கே நின்றது? எட்டு வருடத்தில் பத்தொன்பது பயணம் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் காவல் தெய்வம் வைரவர் படத்துக்கு வடைமாலை சாத்தி, வீட்டுச் சாவியைப் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். கோயிலைப் பூட்டியபின் சாவியை வைரவரிடம் ஒப்படைப்பது ஊர் வழக்கம். அதை அவர் வீட்டுக்கும் பொருத்திக்கொண்டார். கூட்டிப்போன ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. பாரிஸில் சேலை பார்த்து நின்ற ஒரு பெண்ணுக்காக முழுக் கோச்சையும் மூன்று மணித்தியாலம் மறித்து வைத்திருந்தவர். “சிவனேஸ்வரியோடை போனால் வீட்டுக்கு வந்து சேரலாம்” என்று கடைகளில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் அதிகமாகவே வரும்.

அந்த மிடுக்குக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. தம்பி குலசேகரத்தை 1990இல் ஓர் ஏஜென்ட் இரண்டு வாரத்தில் லண்டனில் இறக்குவதாகச் சொல்லிக் கொழும்பில் விமானம் ஏற்றினான். இறக்கியது டோகோ நாட்டின் லோமே நகரத்தில். பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டான். மூன்று வருடம் தம்பியின் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: “அக்கா, இஞ்சையும் ஒரு வைரவர் இருக்கிறார். களிமண் உருவம், சோழி பதிச்ச கண், சந்தியிலை நாயோடை காவல் இருக்கிறார். பின்னேரத்திலை அவருக்குப் பக்கத்திலைதான் நான் குந்தியிருக்கிறனான்.” அதன்பிறகு ஒன்றுமில்லை. ஊராரை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறவளால் கூடப்பிறந்தவனைக் கொண்டுவர முடியவில்லை என்பதை அவர் ஒருவரிடமும் சொல்லி அழவில்லை. இரண்டு வருடம் பொறுத்தார். பிறகு ஈஸ்ட் ஹாம் கடைக் கண்ணாடிகளில் இருபதாவது பயணத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்: கானா, டோகோ, பெனின், மூன்று நாடும் தரைவழியாக, வூடூக் கோயில்கள் தரிசனம்.

செய்வினை செய்யப் போகிறார் என்று தென்லண்டன் மோர்டன் வரைக்கும் கதை பரவியது. ஆனாலும் பன்னிரண்டு பேர் பதிந்தார்கள். கானாவின் அக்ராவில் ஒரு மினிபஸ்ஸை அமர்த்தி, கொஜோ என்ற சாரதியோடு புறப்பட்டார்கள். லோமேயில் இரண்டு நாள், மற்றவர்கள் சந்தை பார்க்க, சிவனேஸ்வரி தம்பியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். மூன்றாம் நாள் எல்லைக்குப் போகும் வழியில், ஒரு சந்தியில், களிமண் உருவமும் சோழிக் கண்ணும் நாயும் தெரிந்தன. அவர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் பலகாரம் விற்ற பெண்கள் படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்கள். ஓம், இந்த ஆள் இங்கேதான் இருந்தார், போன வருடம் வடக்கே போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது.

அந்த உருவத்தின் பெயர் லெக்பா, வழிகளையும் வாசல்களையும் திறக்கிறவர், எந்தப் பூசையிலும் அவருக்குத்தான் முதலில் படைக்க வேண்டும் என்று கொஜோ விளக்கினார். சிவனேஸ்வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவருக்கு அது வைரவர். அந்தப் பெண்கள் கௌபிப் பயறை அரைத்துப் பொரித்து விற்றதும் வடையேதான். அள்ளி வாங்கி, நூலில் கோத்து, லெக்பாவின் கழுத்தில் சாத்தினார். பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து பிளேஸ்டோ வீட்டுச் சாவியை எடுத்துக் காலடியில் வைத்தார். “வைரவா, அவனை விட்டிட்டுப் போறன். என்னாலை ஏலாமல் போச்சு” என்று சொல்லி வாய்விட்டு அழுதார். பஸ்ஸிலிருந்து, கூட வந்தவர்களில் ஒருவரான யோகராஜா, “அக்கா, எல்லையை மூடப்போறாங்களாம், கெதியா வாங்கோ!” என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி ஏறினார். சாவியை எடுக்கவில்லை. அப்போது அங்கே மூன்று மணி, லண்டனில் நாலு.

எல்லையில் காவலர் கை வைக்குமுன்பே தடுப்புக்கட்டை மேலே எழுந்தது. கட்டின கயிறு கழன்றிருக்கிறது என்றார் கொஜோ. பெனினிலும் அப்படியே, திரும்பி வரும் வழியிலும் அப்படியே. பாம்புக் கோயிலில் மலைப்பாம்பைத் தோளில் போட்டதும் யோகராஜா நாகதம்பிரானுக்குப் பால் வார்க்க வேண்டும் என்று பால் தேடித் திரிந்தது தனிக் கதை. பத்தாம் நாள் பன்னிரண்டு பேரையும் ஹீத்ரோவில் இறக்கி, அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, சிவனேஸ்வரி தனியாகப் பிளேஸ்டோவுக்கு வந்தார். பூட்டுத் திறக்கிறவனைக் கூப்பிட வேண்டும் என்ற யோசனையோடு தெருவில் திரும்பினால், வாசலில் பெர்னடெற் நின்றார்.

“அக்கா, கதவு தன்ரை பாட்டிலை திறந்துபோச்சு. புதன்கிழமை உள்ளுக்கு ஒரு ஆள் நிண்டார். நான் பொலிசுக்குப் போன் அடிக்க வெளிக்கிட்டன். பிறகு பார்த்தால் மூக்கு அப்பிடியே உங்கடை மூக்கு. அதாலை சோறு குடுத்தன்.”

வாசலில் செம்மண் ஒட்டிய ஒரு சோடிச் செருப்பு கிடந்தது. குசினியில் குலசேகரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. மேசையில் வீட்டுச் சாவி இருந்தது. லோமேக்கு வெகுதூரம் வடக்கே ஒரு சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றானாம். நாயோடு வந்த ஒரு கிழவர், கழுத்தில் வடைமாலை, சாவியைக் கையில் வைத்துவிட்டு, ஒரு கடையின் பின்கதவைக் காட்டினாராம். திறந்தால் அக்காவின் கோட்டுகள் தொங்கும் வீட்டு நடை.

சிவனேஸ்வரி தம்பியின் தலையைத் தடவிப் பார்த்தார். “சாப்பிட்டியா?” என்று கேட்டார். 

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. எந்த வழியாக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். “அக்காவின்ரை வீட்டுக் கதவாலை” என்றான் குலசேகரம். அதற்கு முன்பு எங்கே நின்றீர்கள்? “கதவுக்கு அங்காலை.” அவர் மூன்று பக்கம் எழுதினார், ஒரு பொய்யும் அகப்படவில்லை. பதினாலு மாதத்தில் இருக்க அனுமதித்துக் கடிதம் வந்தது. தபால்காரர் அதை உள்ளே போய்க் குசினி மேசையில் வைத்துவிட்டு வந்தார், அந்த வீட்டில் அப்படித்தான் வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கதவுக்கு வடைமாலை சாத்துவார்கள். யாராவது குளிராதா என்று கேட்டால் சிவனேஸ்வரி நிமிர்ந்து, “எங்கடை வீடு பூட்டிற வீடில்லை” என்பார்.

1996ஆம் ஆண்டு லோமேப் பயணத்துக்கு ஒரு மினிபஸ் போதவில்லை. மகனைக் கியேவில் தொலைத்தவர்கள், புருஷனைப் பாங்கொக்கில் விட்டவர்கள், தமக்கையின் கடைசிக் கடிதத்தை மடித்து வைத்திருந்தவர்கள் என்று அறுபத்திமூன்று பேர் வந்து பதிந்தார்கள். பயணப் பொதியில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருடைய கையிலும் வீட்டுச் சாவி இருந்தது. அந்த ஆவணி மாதம் பிளேஸ்டோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் அறுபத்திமூன்று கதவுகள் திறந்தன. யாக்கோப்பு பூட்டுப் பெட்டியை வெளியே எடுக்கவேயில்லை. பெர்னடெற் மட்டும் பெரிய பானையாகப் பார்த்து அடுப்பில் வைத்தார்.