பொழிமுகத்து நீர்நாய்கள்

ஆறு கடலில் சேரும் இராஜாக்கமங்கலம் பொழிமுகத்தில் மீனவர் சிலுவை தன் வள்ளத்தைக் கரையேற்றியபோது, அவர் மகள் சஜிதா மூன்று வெளியூர்க்காரர்களோடு சேற்றில் நின்றிருந்தாள். காட்டுயிர் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்தவர்கள். எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் சஜிதா, இந்தப் பொழியின் நீர்நாய்களை ஓராண்டு ஆராய விண்ணப்பித்திருந்தாள். கொடுக்கலாமா என்று இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வந்திருக்கிறார்கள்.

நீர்நாய் என்றால் இந்தக் கரையில் ஒருவருக்கும் ஆகாது. வலையில் கிடக்கும் மீனைத் தின்பதோடு வலையையும் கிழித்துப் போட்டுவிடும். போன வருடம் சிலுவையே ஒன்றைக் கல்லால் அடித்திருக்கிறார். அன்று முழுக்க சஜிதா அவரிடம் பேசவில்லை.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மாள் அவளிடம் கேட்டார்: "மீனவர்களுக்கு இதால நஷ்டம்தானே? எப்படி ஒத்துழைப்பாங்க?"

"அப்பாட்ட கேளுங்க மேடம்."

சிலுவை திகைத்தார். ஒரு நல்ல பொய் சொன்னால் மகளுக்குக் காரியம் நடந்துவிடும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நானே கல்லெறிஞ்சிருக்கேன். மறைக்கதுக்கு என்ன இருக்கு? பொறவு இவ ரெண்டு மாசம் தெனமும் விடியக்காலம் வந்து குத்தவச்சிருந்தா. அதுக எந்த வழியா போவுது, எங்க குட்டி போட்டிருக்குன்னு எழுதினா. தாழங்காட்டுப் பக்கம் வலை போடாதீங்கப்பான்னா. மாத்திப் போட்டேன். பொறவு எனக்க வலை ஒரு தடவதான் கிழிஞ்சிருக்கு. மத்தவனும் மாத்தணும்னா, இவ சொல்லது எல்லா மாசமும் சரியா வருதான்னு பாக்கணும்லா? அதுக்குத்தான் ஒரு வருசம் கேக்கா."

அந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டினார். "சிலுவைங்கிறது நீங்கதானா? விண்ணப்பத்துல உடன் ஆய்வாளர்னு உங்க பேரும் இருக்கே."

சிலுவை மகளைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, உதவித்தொகை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கூட்டாளி சூசை கேட்டார்: "ஏலே சிலுவை, நாயப் பாக்கதுக்கும் துட்டு குடுக்கானுவளா?"

"குடுக்கானுவ மக்கா. ரெண்டு பேருக்க பேர்ல கடுதாசி வந்திருக்கு. ஒண்ணு எனக்க பேரு." கரை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்.

மறுநாள் காலை சஜிதா மூங்கில் கழியில் கேமராவைக் கட்டினாள். தாழை வேருக்கு அடியிலிருந்து தாய் நீர்நாய் நீருக்குள் இறங்கியது. பின்னால் சின்னத் தலைகள். சிலுவை மூச்சு விடாமல் மூன்று விரலைக் காட்டினார். சஜிதா சிரித்துக்கொண்டே நான்கு விரலைக் காட்டினாள். அவர் மறுபடி பார்த்தார். நுரைக்கு நடுவில், மீசையில் நீர் சொட்ட, நான்காவது தலை எழும்பியது.